நான்காம் லைனில் விழுந்த ஓட்டைகள்

நம் ஆய்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எட்டுப் பேருக்கும் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். எக்செல்லும் புதுப்புது மென்பொருளும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். அதனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. நான் போட்ட ஓர் அட்டவணையால் இருபத்தெட்டுப் பேர் வேலையை இழக்க இருந்ததைச் சொல்கிறேன்.

அப்போது நான் தாராபுரம் ரோட்டில், அவிநாசிபாளையம் தாண்டி இருந்த ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் பிளானிங் பிரிவில் இருந்தேன். பொருளாதாரத்தில் முதுகலை முடித்தவள் என்பதால், எந்தக் கேள்விக்கு எண் வேண்டுமென்றாலும் என் மேசைக்குத்தான் வருவார்கள். தைப்பதற்கு ஆறு லைன். ஒரு லைனுக்கு முப்பது மெஷின் அளவில் இருக்கும். நான்காவது லைனில் ஆள் பற்றாக்குறை என்று ஏஜென்ட் ஒருவர் மூலம் ஒடிசாவிலிருந்து இருபத்தெட்டு டெய்லர்களைக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். கம்பெனி ஹாஸ்டலிலேயே தங்கினார்கள்.

அவர்கள் வந்த மாதத்திலிருந்து துணியில் ஓட்டை விழ ஆரம்பித்தது. பெரிய ஓட்டை இல்லை. தையலை ஒட்டி ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி. தைத்த அன்று தையலை இழுத்து உற்றுப் பார்த்தால்தான் தெரியும், ஒருமுறை துவைத்தால் விரியும். சரக்கு வாங்கும் பையரிடமிருந்து கோபமாக ஒரு மெயில் வந்தது. அடுத்த ஷிப்மென்ட்டிலும் இது இருந்தால் மொத்த ஆர்டரையும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவோம் என்று அதில் இருந்தது.

ஃபேக்டரி மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, எந்த லைனில் எத்தனை ஓட்டை என்று ஒரு பக்கத்தில் போட்டுத் தரச் சொன்னார். அரை மணி நேர வேலை. தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளின் ரிப்போர்ட்டுகளைக் கூட்டி அட்டவணை போட்டு, பக்கத்தில் லைனுக்கு ஒன்றாக ஆறு கட்டைப் படமும் வரைந்தேன். நான்காம் லைன் கட்டை மற்றவற்றைப்போல மூன்று மடங்கு உயர்ந்து நின்றது. அதற்குச் சிவப்பு வண்ணம் கொடுத்தேன். யாரும் கொடுக்கச் சொல்லவில்லை, நானாகத்தான் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மதியம் கேன்டீனில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் விஷயம் காதுக்கு வந்தது. நான்காம் லைனில் உள்ள ஒடிசாக்காரர்கள் எல்லாரையும் ஊருக்கு அனுப்புகிறார்களாம். வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் போட ஏஜென்ட்டிடம் சொல்லியாகிவிட்டதாம். மேனேஜர், முதலாளியான எம்.டி.யின் மேசையில் ஒரு பேப்பரை வைத்தாராம், அதைப் பார்த்ததும் எம்.டி. சரி என்றுவிட்டாராம். என்ன பேப்பர் என்று நான் கேட்கவில்லை. ஒரு நிமிடம், உண்மையைச் சொல்கிறேன், என் எண்ணுக்கு இவ்வளவு மதிப்பா என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த நிமிடம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

நான் மேசைக்குத் திரும்பியபோது தனலட்சுமி நின்றிருந்தார். செக்கிங் டேபிளில் மூத்தவர், கிட்டத்தட்ட என் வயது, வெள்ளகோவிலிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோகிறவர். கையில் நான்கைந்து பனியன் துண்டுகளைச் சுருட்டி வைத்திருந்தார்.

"மேடம், அந்த ஓட்டையக் கையில புடிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை. ரிப்போர்ட்டில் இருந்த எண்ணிக்கையைத்தான் பார்த்திருந்தேன்.

துண்டுகளை விரித்து என் விரலில் கொடுத்தார். ஒன்று மெத்தென்று இருந்தது. இன்னொன்று காகிதம்போல மொரமொரத்தது. ஓட்டை விழுகிறதெல்லாம் இந்த மொரமொரத்த துணியில்தான், இதைத்தான் நான்காம் லைனுக்குக் கொடுக்கிறார்கள் என்றார். முன்பு திருப்பூர் மண்ணரைப் பகுதியில் அவர் வேலை பார்த்த சின்னப் பட்டறையில் இப்படித்தான் ஒருமுறை வந்ததாம். சாயப்பட்டறையில் சூடு அதிகமாக வைத்துத் துணியைக் காயவைத்துவிட்டால் நூல் விறைத்துப்போகும். ஊசி இறங்கும்போது நூல் விலகிக்கொடுக்காமல் அறுந்துவிடும். யார் தைத்தாலும் அறும்.

"நான் சொன்னேன்னு மட்டும் மேனேஜர்கிட்டச் சொல்லீராதீங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்டிங் பிரிவின் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். ஒடிசாக்காரர்கள் வந்த அதே மாதம்தான் கம்பெனி இன்னொரு சாயப்பட்டறையிலிருந்தும் துணி வாங்க ஆரம்பித்திருந்தது. இரண்டு பட்டறைத் துணியும் கலந்தால் நிறம் மாறிப்போகும் என்று, புதிய பட்டறையின் துணி முழுவதையும் ஒரே லைனுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அந்த லைன் நான்கு.

ஆளும் மாறியிருக்கிறது, துணியும் மாறியிருக்கிறது. இரண்டும் ஒரே மாதத்தில், ஒரே லைனில். என் சிவப்புக் கட்டைக்கு இதில் எது காரணம் என்று அந்த அட்டவணையை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் தெரியாது. 'மற்றவை மாறாதிருக்கும்போது' என்று பொருளாதாரப் புத்தகத்தில் ஒவ்வொரு விதிக்கும் முன்னால் ஒரு வரி வருமே, கல்லூரியில் அதை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். வேலையில் மறந்துவிட்டேன். கருதுகோளைச் சோதிக்கும்போது 'வேறுபாடு ஏதுமில்லை' என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும், அதை உடைக்கும் பொறுப்பு சான்றுக்கு உரியது என்பதும் தெரியும். நான் வேறுபாடு இருக்கிறது என்ற இடத்திலிருந்தே தொடங்கி, அதற்கு வண்ணமும் பூசியிருந்தேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தனலட்சுமி சொன்னதும் ஒரு கருதுகோள்தான். அவர் நல்லவர், அனுபவம் உள்ளவர், எனக்குப் பிடித்தவர் என்பதெல்லாம் சான்று ஆகாது. துணிதான் காரணம் என்று நான் ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் முதலில் செய்த அதே தவற்றை இன்னொரு பக்கம் நின்று செய்தவளாகியிருப்பேன். அன்று என்னை மிகவும் பயமுறுத்தியது அதுதான். எனக்கு எதுவும் தெரியாது என்பது மட்டும்தான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

மேனேஜரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. ஷிப்மென்ட் தேதி நெருங்க நெருங்க இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லாமல் இருந்தவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "மேடம், நீங்க குடுத்த பேப்பர வெச்சுத்தானுங்க நான் எம்.டி.கிட்டப் பேசுனேன். இப்ப நீங்களே அது இல்லைங்கறீங்களா?" என்றார்.

பேப்பரில் இருந்த எண் சரி, ஆனால் அதிலிருந்து இந்த முடிவுக்கு வர முடியாது என்றேன். அப்படியென்றால் அதை ஏன் பேப்பரிலேயே எழுதவில்லை என்று கேட்டார். உங்களில் யாராவது ஒரு நாள் இந்தக் கேள்வியின் முன்னால் நிற்கக்கூடும். என்னால் சொல்ல முடிந்தது, எம்.டி.யிடம் நானே வந்து சொல்கிறேன் என்பதுதான்.

எம்.டி. அறையில் பத்து நிமிடம் கிடைத்தது. மூன்று நாள் கேட்டேன். செவ்வாய், புதன், வியாழன். இரண்டு பட்டறைத் துணியையும் பாதிப் பாதியாக நான்காம் லைனுக்கும், பழைய உள்ளூர் டெய்லர்கள் இருக்கும் இரண்டாம் லைனுக்கும் கொடுப்பது. ஓட்டை புதிய துணியோடு போனால் துணி காரணம். எந்தத் துணி கொடுத்தாலும் நான்காம் லைனிலேயே நின்றால் ஆள் காரணம். பண்டில், அதாவது வெட்டிய துணிக் கட்டு, மாறி நிறம் கலந்துவிட்டால் அந்தச் சரக்கே வீண் என்று மேனேஜர் சொன்னது நியாயமான பயம். மூன்று நாளில் தைக்கும் அளவு குறையும் என்பதும் உண்மை.

எம்.டி. அதைத்தான் கேட்டார், மூன்று நாளை எதற்காக இழக்க வேண்டும் என்று. இரண்டு விதமாகத் தவறு செய்யலாம் என்றேன். குற்றம் இல்லாதவர்களை அனுப்பிவிடலாம், அல்லது குற்றம் உள்ளவர்களை வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது தவற்றைச் செய்தால் அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம். முதல் தவற்றைச் செய்தால் பழகிய இருபத்தெட்டுப் பேர் போயிருப்பார்கள், அந்த இடத்தில் புதிதாக வந்து உட்காருகிறவர்கள் அதே துணியைத் தைப்பார்கள், ஓட்டை அப்படியே இருக்கும். மூன்று நாளின் விலையை அதோடு வைத்துப் பாருங்கள் என்றேன்.

அவர் என் பேப்பரை எடுத்து மறுபடி பார்த்தார். "லைன்தான்னு வந்தா என்னங்க பண்றது?"

"அதையும் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேனுங்க சார்" என்றேன்.

எந்த முடிவு வந்தால் என்ன பொருள், மூன்று நாளும் கூட்டித்தான் கணக்கு, நடுவில் யாரும் நிறுத்தக்கூடாது என்று சோதனைக்கு முன்பே ஒரு தாளில் எழுதினோம். நானும் மேனேஜரும் கையெழுத்துப் போட்டோம். தாள் எம்.டி.யின் மேசை டிராயருக்குள் போனது.

எந்த பண்டில் எந்த லைனுக்கு என்பதை நானோ மேனேஜரோ தேர்ந்தெடுக்கக் கூடாது என்று கட்டிங் மாஸ்டரை உட்காரவைத்துச் சீட்டுக் குலுக்கினோம். செக்கிங் டேபிளுக்கு வரும் பண்டிலில் லைன் எண்ணை மறைத்து ஒட்டினோம்; எது எந்த லைன் என்ற பட்டியல் என்னிடமும் மேனேஜரிடமும் மட்டும் இருந்தது. தனலட்சுமியை எண்ணும் வேலையிலிருந்து எடுத்துவிட்டேன். துணியைத் தொட்டாலே அவருக்கு எதுவென்று தெரிந்துவிடும், அவர் மனதில் ஏற்கனவே ஒரு விடையும் இருக்கிறது. காரணத்தைச் சொன்னபோதும் அவர் முகம் வாடிவிட்டது. தன்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்காமல் கேட்டார். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் எதிர்பார்த்தபடியே போனது. இரண்டு லைனிலும் புதிய துணியில்தான் ஓட்டை. எதிர்பார்த்தபடி என்று எழுதும்போதே கூசுகிறது. சோதிப்பவள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டாள் என்பதற்கு அந்த வார்த்தையே போதும்.

புதன்கிழமை எல்லாம் தலைகீழாகிவிட்டது. நான்காம் லைனில் நல்ல துணியிலும் ஓட்டை வந்துகொண்டே இருந்தது. முந்தின நாளைவிட மிக அதிகம். நான் டேபிளைச் சுற்றிச் சுற்றி வந்தேன், தண்ணீர் குடிக்கப் போவதுபோல, யாரையோ தேடுவதுபோல. ஒவ்வொரு முறையும், ஓட்டையைக் காட்டச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிய துணிக் குவியல் உயர்ந்திருந்தது.

மதியம் மேனேஜர் வந்தார். "போதுங்க மேடம். தெரிஞ்சு போச்சு. இதோட நிறுத்திக்கலாம்" என்றார். அவர் குரலில் சந்தோஷம் இல்லை, களைப்புதான் இருந்தது.

என்னிடம் ஒரு வழி இருந்தது. அன்று காலை பதினொரு மணிக்கு மின்சாரம் போய், ஜெனரேட்டர் எடுக்கும்வரை மெஷின்கள் நின்று நின்று ஓடின. அதைக் காட்டி, இந்த நாள் சரியில்லை, இதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். யாரும் மறுக்கவும் மாட்டார்கள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் காரணத்தை எழுதக்கூட ஆரம்பித்தேன்.

இரண்டு வரி எழுதியபின் என்னை நானே கேட்டுக்கொண்டேன். இதே மின்தடை நேற்று வந்து, அப்போதும் எண் எனக்குச் சாதகமாகவே இருந்திருந்தால் இந்தக் காரணத்தை எழுதுவேனா? மாட்டேன். இரண்டாம் லைனும் அதே மின்தடையில்தானே ஓடியது? தாளைக் கிழித்தேன். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. எனக்குப் பிடிக்காத நாளை நான் எடுத்துவிட்டால், அவருக்குப் பிடித்த நாளோடு நிறுத்த வேண்டாம் என்று மேனேஜரிடம் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. வெளியே வந்து, புதன்கிழமை கணக்கு முழுவதும் அப்படியே இருக்கட்டும், ஆனால் எழுதிக் கொடுத்தபடி வியாழனும் நடக்க வேண்டும் என்றேன். அவர் சரி என்றார்.

வியாழன் காலை நான்காம் லைனில் ஒன்பது மெஷின்கள் காலியாக இருந்தன. யாரோ ஒரு சூப்பர்வைசர், நீங்கள் தோற்றுக்கொண்டிருக்கிறீர்கள், வெள்ளிக்கிழமை ரயில்தான் என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் அனுப்பும்வரை ஒன்பது பேர் காத்திருக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு முன்பதிவு இல்லாத பெட்டியில் ஏறிப்போய்விட்டார்கள். சோதனை நடக்கிறது என்று நான் அந்த இருபத்தெட்டுப் பேருக்கும் சொல்லவில்லை. தெரிந்தால் வழக்கத்துக்கு மாறாகத் தைப்பார்கள், கணக்கு கெட்டுவிடும் என்று நினைத்தேன். புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. தெரியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்த மூன்று நாளும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அரைகுறையாக, வேறு ஒருவர் வாய்வழியாக.

மீதிப் பத்தொன்பது பேரும் அன்று தைத்தார்கள். சாயங்காலம் மறைத்து ஒட்டிய எண்களைப் பிரித்துப் பட்டியலோடு சரிபார்த்து, மூன்று நாளையும் கூட்டினோம். புதன்கிழமையைச் சேர்த்துக் கூட்டியும் முடிவு மாறவில்லை. எந்த லைன் தைத்தாலும் புதிய துணியில்தான் ஓட்டை குவிந்திருந்தது. உள்ளூர்க்காரர்களின் இரண்டாம் லைனிலும் அதேதான். லைனுக்கும் லைனுக்கும் இருந்த வித்தியாசம் அன்றாடம் வந்துபோகிற ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிட்டது. ஆட்களிடம் வேறுபாடு இல்லை என்று நிரூபித்துவிட்டேன் என்று நான் எழுதவில்லை. வேறுபாடு இருப்பதாகச் சொல்லச் சான்று இல்லை, துணியில் இருப்பதாகச் சொல்ல வலுவான சான்று இருக்கிறது என்று எழுதினேன். மேனேஜர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னதும் அவர்தான். புதிய துணி மறுபடி பட்டறைக்குப் போய் மென்மையாக்கி வந்தது. மெஷின்களில் மெல்லிய ஊசி மாட்டினார்கள். ஷிப்மென்ட் இரண்டு நாள் தாமதமாகப் போனது, பையர் பொறுத்துக்கொண்டார். தனலட்சுமி அதன்பின் என்னோடு பேசினார், ஆனால் அந்த விஷயத்தை மட்டும் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் ஹாஸ்டலுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. அவர்களில் நன்றாகத் தமிழ் பேசுகிறவர் மமதா. இருபத்தைந்து வயது இருக்கும். திருப்பூரில் பழகிய தமிழ் என்பதால் எல்லாவற்றுக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். யாரும் ஊருக்குப் போக வேண்டாம் என்று அவரிடம் சொல்லி, மற்றவர்களுக்கும் சொல்லச் சொன்னேன். அறையில் ஒன்பது கட்டில்களில் பாய் சுருட்டி வைத்திருந்தது.

அவர் சந்தோஷப்படவில்லை. புதன்கிழமை டேபிளில் ஓட்டை அதிகமாக இருந்ததல்லவா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அது நாங்கதானுங்க ஒட்டுனோம். ஸ்டிக்கர்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும், ஒவ்வொருவரும் தாங்கள் தைத்த தையலைத் தாங்களே இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். செக்கிங் டேபிளில் யார் கண்ணுக்கும் படாத மிகச் சின்னப் புள்ளியைக்கூடத் தேடிப் பிடித்து, அதில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். பயத்தில் சிலர் பலமாக இழுத்ததில் நல்ல துணியிலும் நூல் அறுந்திருக்கிறது. மறைத்துவிட்டுப் பிறகு கண்டுபிடித்தால் நாங்கள்தான் என்று உறுதியாகிவிடும், அதனால் எதையும் மறைக்க வேண்டாம் என்று பேசி வைத்துக்கொண்டார்களாம். நான் விளக்கம் தேடித் திணறிய அந்தக் குவியல் அவர்களுடைய நேர்மையின் குவியல். நான் ஒரு மின்தடையைச் சொல்லி அதைத் தூக்கி எறிய இருந்தேன்.

"மேடம், நாங்க தோத்திருந்தா அனுப்பியிருப்பீங்களா?"

சுற்றி வளைத்து ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆமாம், கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன் என்றேன். மமதாவுக்குக் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

போனவர்களுக்குப் போன் போட முடியுமா, திரும்பி வரச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். போட்டார். நான்காவது எண்ணில்தான் ஒருவர் எடுத்தார். ரயில் ஆந்திராவைத் தாண்டிக்கொண்டிருந்தது. மமதா ஒடியா மொழியில் நீளமாகச் சொன்னார். லைன், ரிப்போர்ட், மேடம் என்ற சொற்கள் மட்டும் எனக்குப் பிடிபட்டன. அந்தப் பக்கத்திலிருந்து பதில் சுருக்கமாக வந்தது.

என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"துணிதான்னு அவங்களுக்கு மொதல்லயே தெரியுமாம்ங்க. தைக்கும்போதே கையில தெரிஞ்சுதாம். யாரும் கேக்கலையாம்."

மமதா போனைக் கையால் மூடிக்கொண்டு, இதற்கு என்ன பதில் சொல்லட்டும் என்று என்னைப் பார்த்தார்.